மெதுவா இழு, கண்ணு

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். "பம்ப் அடிக்கத் தெரியுமா?" என்று, வீசிங்குக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் எந்தக் குழந்தையையும் கேட்காதீர்கள். தெரியும் என்றுதான் சொல்லும். "அடிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டு வாயையே பாருங்கள். உதட்டோரத்திலோ மூக்கிலோ புகை தெரிந்தால், மருந்து நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில், பள்ளிகளில் தேடிப் பார்க்க வேண்டிய கோளாறுகளில் வீசிங்கும் உண்டு. உருது பேசும் வீடுகளில் 'தமா' என்பார்கள். பெயரை எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம். கைப்பழக்கம் வர வேண்டியது வகுப்பறையில்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய சிஸ்டர் அதிகம் பேசமாட்டார். குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைப்பார். முதலில் பம்ப்பைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்வார். பிறகு உதடு மூடி, ஒரே ஒரு அழுத்து. "மெதுவா இழு, கண்ணு. கோலம் இழுக்கற மாதிரி, நடுவுல அறுபடக் கூடாது." குழந்தை மூச்சை அடக்கிப் பத்து எண்ணும் வரை முதுகில் அந்தக் கை அசையாது. எனக்கு அந்தக் கை வர மூன்று வருஷம் ஆனது.

சின்னப் பிள்ளைகளுக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேராது. அவர்களுக்கு ஸ்பேசர் வேண்டும். வாங்க வசதியில்லாத வீட்டுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கேப் டவுனில் ஹெதர் ஜார் என்ற டாக்டர் 1999-லேயே சோதித்துக் காட்டியது இது. கம்பியைப் பம்ப் வாயின் அளவுக்கு வளைத்து, காய்ச்சி, பாட்டிலின் அடியில் ஓட்டை போட வேண்டும். பம்ப் இறுக்கமாக உட்கார வேண்டும். பாட்டில் வாய் குழந்தையின் வாய்க்கு. சோப்புத் தண்ணீரில் முக்கி, அலசாமல், துடைக்காமல் நிழலில் காய விடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒருமுறை, பம்ப்புக்கும் பாட்டிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வீட்டிலேயே அடைத்து வரும்படி ஒரு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை அவருக்கு. கைக்குக் கிடைத்த சொல்யூஷனை வைத்து அழகாக ஒட்டிக் கொண்டுவந்தார். பையன் வாயில் வைத்ததும் இருமல் நிற்கவில்லை. எதால் ஒட்டக் கூடாது என்று சொல்லாதது என் தப்பு. அன்றிலிருந்து பிளாஸ்டரை நானே எடுத்துப் போகிறேன்.

இன்னொரு தப்பு இதைவிடப் பெரியது. ஒரு ஏழாம் வகுப்புப் பையன் அடித்துக் காட்டினான்; 'புஸ்' என்று சத்தம் வந்தது; சரி என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரம் பி.டி. பீரியடில் திணறிப்போனான். பம்ப்பில் மருந்து தீர்ந்து பல நாள் ஆகியிருந்தது. மருந்து தீர்ந்த பிறகும் வாயு மிச்சமிருக்கும், சத்தம் வரும். இப்போது பம்ப்பின் மேல் மார்க்கரால் தொடங்கிய தேதியை எழுதி, அடித்த கணக்கை நோட்டில் குறிக்கச் சொல்கிறேன்.

அவனுடைய புதுப் பம்ப்பில் தேதி எழுதிக்கொண்டிருந்தபோது பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினான். "மிஸ், இது எங்க அப்பாது. தோல் கம்பெனில பஃபிங் செக்‌ஷன். இதுலயும் மருந்து இருக்கான்னு பாருங்க."