மாத வாடகையும் ஒரு கிணறும்

ஓய்வூதியம் மட்டும் முதுமைக்குப் போதாதென அஞ்சி, மனைவியின் சீதனக் காணியை விற்று வாடகை வீடொன்று வாங்க எண்ணினேன். உறுதி தன் பெயரிலேயே இருக்கவேண்டுமென்பது அவள் நிபந்தனை, நியாயமானதே.

1974 ஆம் ஆண்டு பல்கலைக்கழக வளாகம் தோன்றிய நாள்முதல் திருநெல்வேலி ஒழுங்கைகளில் மாணவருக்கு அறை விடுவோர் பெருகினர். அங்கே தரகர் காட்டிய ஓட்டு வீட்டில் ஐந்து அறைகள். விலை 120 இலட்சம்; "மலிவு" என்றார். அறைக்குப் பத்தாயிரமாக மாதம் 50,000 ரூபா வரும், நூற்றுக்கு ஐந்து. ஆனால் விடுமுறையில் இரண்டு மாதம் அறைகள் வெறுமையாகும். ஓடு மாற்றல், வெள்ளையடித்தல் முதலியவற்றையும் கழித்தால், ஆண்டுக்கு நாலு இலட்சம் மிஞ்சினாற் பெரிது.

வளவின் பின்புறம் சென்றேன். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே இருபது அடிதானும் இல்லை. நமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் குழிநீர் எளிதிற் கிணற்றைச் சேர்ந்துவிடும். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவன் என் பழைய மாணவன்!

"குடிக்கப் போத்தல் தண்ணீர்தான் வாங்குகிறோம், சேர்," என்றவன், சற்றுத் தயங்கி, "நீங்கள் வாங்கினால் வாடகையைக் கூட்டுவீங்களோ?" என்றான்.

விடை கூற நாவெழவில்லை. கூட்டாமல் எவ்வாறு புதுக்குழி வெட்டுவது?

அச்செலவை விலையிற் குறைக்குமாறு கேட்டேன். உரிமையாளர் மறுத்தார், வேறொருவர் காத்திருக்கிறாராம்.

சீதனக் காணி அப்படியே கிடக்கின்றது. வேலி அடைக்க வரும் சனிக்கிழமைக்கு ஆளுக்குச் சொல்லியிருக்கின்றேன்.