கான்வாஸ் ஷூ

பள்ளிக்கூடங்களுக்கும் ஜாதகம் உண்டு. திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம், லூர்து மாதா கோயில் கோபுரத்தின் அருகில் இருக்கிறதே செயிண்ட் ஜோசப், அதன் ஜாதகம் 1844-இல் நாகப்பட்டினத்தில் ஆரம்பிக்கிறது. சேசு சபைப் பாதிரிமார்கள் அங்கே தொடங்கி, 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஹீபர் பள்ளியின் பெயருக்குப் பின்னால் இன்னும் உருக்கமான கதை. ஹீபர் கத்தோலிக்கர் அல்ல. கல்கத்தாவில் ஆங்கிலிகன் பிஷப். திருச்சிக்கு வந்தவர், 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி குளிக்க இறங்கிய தொட்டியிலேயே உயிரை விட்டார். எங்கள் ஊர் வெயில் அப்படி!

உறையூரில் நான் படித்த சர்க்கார் பள்ளிக்கு ஜாதகம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஊருக்கு உண்டு. சோழர் தலைநகரம், கோழி ஒன்று யானையை எதிர்த்து விரட்டியதால் கோழியூர் என்று பெயர் பெற்ற இடம். போட்டிக்குப் புறப்படும்போதெல்லாம் எங்கள் டிரில் மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லுவார். பாதிரிமார் பள்ளிகள் யானை, நாங்கள் கோழி. மனிதர் சென்னையில் பக் துரை 1920-இல் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய கோஷ்டியை அழைத்துப் போனவர் அந்த பக் துரைதான் என்பதை, தானே கூடப் போய் வந்ததுபோல் வர்ணிப்பார்.

யானைக்கு மைதானம் இருந்தது. எங்களுக்கு ஓடுவதற்குத் தெருகூடக் கிடையாது. விடிந்ததும் நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு போட்டுவிடுவார்கள். அதைத் தாண்டி ஓடினால் முதுகுத் தோல் உரிந்துவிடும். ஆகையால் காவேரி மணல்தான் கதி. மணலில் ஓடிப் பழகியவனுக்குக் கட்டாந்தரை வெண்ணெய் மாதிரி. எங்களில் அப்படி ஓடியவன் ஒருவன்தான். தறிக்காரர் மகன். பெயர் வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் வட்டாரப் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அவன். நீளம் தாண்டுதலுக்கு நான், காலையிலேயே தோற்றுவிட்டேன். என் பையில் அப்பா வாங்கித் தந்த புதுக் கான்வாஸ் ஷூ இருந்தது. இருவருக்கும் ஒரே அளவு. மைதானத்தில் சரளைக்கல். பாதிரிமார் பள்ளிப் பையன்கள் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் என் பையைப் பார்த்தான். "டேய், உன்னுது..." என்று ஆரம்பித்தான்.

"அளவு சேராதுடா" என்றேன்.

புதுசு, அழுக்காகிவிடும் என்ற எண்ணம்தான். வேறு காரணம் இல்லை.

வெறுங்காலோடு மூன்றாவதாக வந்தான். முதல் இருவருக்குத்தான் ஜில்லாப் போட்டியில் இடம். குதிகாலில் ரத்தம். டிரில் மாஸ்டர் அன்று கோழிக் கதை சொல்லவில்லை. மறு வருஷம் அவன் தறிக்குழியில் இறங்கிவிட்டான்.

பல வருஷங்கள் நான் அபபே பிக்கிலாவைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. எதியோப்பியாக்காரர். 1960-இல் ரோமில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி ஜெயித்தவர். ஷூவிலா இருக்கிறது ஓட்டம்? பிறகு ஒருநாள் மீதிக் கதையையும் படித்துத் தொலைத்தேன். ரோமில் அவர் வெறுங்காலோடு ஓடியது, கிடைத்த ஷூ காலுக்குச் சேராததால். 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடினார். மறுபடியும் தங்கம், ரோமைவிட மூன்று நிமிஷம் முன்னதாக.

போன தை மாதம் வெக்காளியம்மன் கோயில் வாசலில் அவனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பையன், ஓட்டத்துக்கான ஷூவை நாடா முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தான். ஜில்லாவுக்குத் தேர்வாகியிருக்கிறானாம். அம்மன் காலடியில் வைத்து எடுத்துப்போக வந்திருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "வாங்க, சௌக்கியமா?" என்றான்.

முன்பெல்லாம் 'வாடா' என்பான்.