தரையில் முடிந்திருக்க வேண்டிய போர்

பொம்மைச் சிப்பாய்களின் யுத்தத்துக்கு விதி தந்த ஆங்கிலேயக் கடற்கரை ஊர், நிஜ யுத்தத்துக்கு வாசலாகவும் மாற நேர்ந்தது.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் மாவட்டத்தில், குன்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது சாண்ட்கேட். நீண்ட கடைத்தெரு, அதன் பின்னால் கூழாங்கல் கடற்கரை. வானம் தெளிந்த நாட்களில் கடலுக்கு அப்பால் பிரான்சின் கரை மங்கலாகத் தெரியும். அங்கிருந்து யார் எப்போது படையெடுத்து வருவார்களோ என்ற பயம் இந்த ஊரின் கற்களிலேயே இருக்கிறது. எட்டாம் ஹென்றி 1539-ல் கட்டத் தொடங்கிய கோட்டை அலையோரம் நிற்கிறது. நெப்போலியனை எதிர்பார்த்துக் கட்டிய வட்டக் கோபுரங்கள் குன்றின் மேல் நிற்கின்றன. அருகிலேயே ஷார்ன்கிளிஃப் ராணுவ முகாம்.

போருக்காகவே சமைத்தது போன்ற இந்த ஊரில்தான், வீட்டுக்குள் ஆடும் நவீனப் போர் விளையாட்டும் பிறந்தது. அதற்குக் காரணமானவர் ராணுவ அதிகாரி அல்ல. போரை முட்டாள்தனம் என்று நினைத்த நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ்.

உடல்நலம் தேடிக் கடற்கரைக்கு வந்த வெல்ஸுக்குக் கட்டடக் கலைஞர் வாய்ஸி இங்கே ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். கதவுகளில் இதய வடிவம் பொறிப்பது வாய்ஸியின் வழக்கம். வெல்ஸ் அதைத் தலைகீழாக்கச் சொன்னார். இதயம் சீட்டுக்கட்டின் இஸ்பேட் ஆனது; வீட்டுக்கு 'ஸ்பேட் ஹவுஸ்' என்று பெயர் வந்தது. 1901-லும் 1903-லும் இரண்டு மகன்கள் பிறந்தார்கள். தரையெங்கும் பொம்மைகள் இறைந்தன.

அந்தக் காலத்துச் சிறுவர்களின் கனவு, பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் ஈயச் சிப்பாய்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும்படி வார்க்கும் முறையை அந்த நிறுவனம் 1893-ல் கொண்டு வந்த பிறகு பொம்மைகளின் எடையும் விலையும் குறைந்தன. சாம்ராஜ்யத்தின் படைகள் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தன. மதராஸ் காலாட்படைக்கும் அதில் ஒரு பெட்டி உண்டு. கூடவே வந்தது ஸ்பிரிங் வைத்த சின்ன பீரங்கி. ஒரு அங்குல நீள மரத்துண்டை அது குறி தவறாமல் சுடும்.

ஒரு நாள் மதிய உணவு முடித்து, காபிக்குக் காத்திருந்த விருந்தாளி ஒருவர் அந்தப் பீரங்கியை எடுத்துக் குறிபார்த்து ஒரு சிப்பாயை வீழ்த்தினார். உடனே சவாலும் விட்டார். அவர் பெயரை ஜே.கே.ஜே. என்று மட்டுமே வெல்ஸ் குறிப்பிடுகிறார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்பது பொதுவான கருத்து. அன்றைய துப்பாக்கிச் சூட்டுக்குச் 'சாண்ட்கேட் பீரங்கித் தாக்குதல்' என்று வரலாற்றுப் போரின் தோரணையில் பெயர் சூட்டினார் வெல்ஸ்.

சும்மா சுட்டுக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல விதிகளுள்ள ஆட்டமாக வளர்ந்தது. பிரஷ்ய அதிகாரிகள் 1824 முதலே வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப் பயிற்சி செய்து வந்தார்கள். வெல்ஸின் ஆட்டம் வேறு மாதிரி. புத்தகங்களும் மரக்கட்டைகளும் மலைகளும் வீடுகளும் ஆகும். ஒடித்த குச்சிகள் காடாகும். நடுவே திரை கட்டி, எதிரிக்குத் தெரியாமல் படையை நிறுத்த வேண்டும். திரை விலகியதும் ஆட்டம் ஆரம்பம். காலாட்படை ஒரு முறைக்கு ஒரு அடி நகரலாம், குதிரைப்படை இரண்டு அடி. பக்கத்தில் நான்கு சிப்பாய்களாவது இல்லாத பீரங்கி சுட முடியாது. ஒவ்வொரு முறைக்கும் கடிகாரம் வைத்து நேரம் உண்டு. தாயக்கட்டை கிடையாது. அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட வழியில்லை. தோற்றால் தளபதியின் தவறுதான்.

வெல்ஸ் 1909-ல் சாண்ட்கேட்டை விட்டுப் போனார். 1913-ல் இந்த விதிகள் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக வந்தன. 12 வயது முதல் 150 வயது வரை உள்ள பையன்களுக்கு என்று அட்டையிலேயே கேலி. ஆனால் கடைசிப் பக்கங்களில் கேலியோடு கோபமும் இருக்கிறது. தம் ஆட்டத்தின் எளிய விதிகளிலேயே ராணுவ அதிகாரிகள் தடுமாறியதை வெல்ஸ் பார்த்திருந்தார். பொம்மைப் போரே இவ்வளவு குளறுபடி என்றால் நிஜப் போர் எப்படி இருக்கும் என்பதே அவர் கேள்வி. யுத்த வெறி பிடித்தவர்களை அளவில்லாத பொம்மைப் படைகளோடு ஒரு பெரிய மண்டபத்தில் விட்டுவிடலாம், மற்றவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்றார்.

யாரும் அந்த மண்டபத்துக்குள் போகவில்லை. மறு வருஷம், 1914 ஆகஸ்ட் 4-ல் பிரிட்டன் போரில் இறங்கியது. சாண்ட்கேட்டை ஒட்டிய ஃபோக்ஸ்டன் துறைமுகத்திலிருந்து லட்சக்கணக்கான வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். துறைமுகத்துக்கு இறங்கும் செங்குத்தான சாலையில் காலடியைக் குறுக்கி நடக்கும்படி அவர்களுக்கு உத்தரவு. அந்தச் சாலைக்குப் பின்னாளில் நினைவுச் சாலை என்று பெயர் வைத்தார்கள். சாலையின் உச்சியில் 2014-ல் ஒரு நினைவு வளைவும் எழுந்தது.

போரை மண்டபத்துக்குள் அடைக்கச் சொன்ன வெல்ஸும் மாறிப்போனார். ஜெர்மனியை முறியடித்தால் இனி போரே இருக்காது என்று 1914-லேயே எழுதினார். போருக்கு முடிவு கட்டும் போர் என்ற முழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஸ்பேட் ஹவுஸில் இருந்த காலத்தில் வெல்ஸ் எழுதி, 1908-ல் வெளியான நாவல் ஒன்று, வானிலிருந்து நகரங்கள் அழிக்கப்படுவதைச் சொல்கிறது. 1917 மே 25, வெள்ளிக்கிழமை மாலை. லண்டனைத் தாக்கப் புறப்பட்டு, மேகம் மறைத்ததால் திரும்பிய ஜெர்மன் விமானங்கள் ஃபோக்ஸ்டன் மேல் குண்டுகளைக் கொட்டின. டோன்டைன் தெருவில் காய்கறிக் கடை வாசலில் விழுந்த ஒரே குண்டுக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலி. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். ஷார்ன்கிளிஃப் முகாமில் கனடா நாட்டு வீரர்களும் இறந்தார்கள்.

இன்று அந்தத் துறைமுக மேடைக்கு ரயில் வருவதில்லை. மக்கள் காற்று வாங்க வருகிறார்கள். வெல்ஸின் ஆட்டமோ பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. அவர் ஒதுக்கிய தாயக்கட்டை உள்ளே வந்துவிட்டது. விதிப் புத்தகங்கள் தடித்துவிட்டன. ஆட்டம் முடிந்ததும் செத்த சிப்பாய்களைப் பொறுக்கிப் பெட்டியில் வைப்பது மட்டும் மாறவில்லை. அடுத்த வாரம் அவர்கள் மறுபடியும் எழுந்து நிற்பார்கள். டோன்டைன் தெருவில் இருப்பது ஒரு நினைவுப் பலகை.