மூன்று துப்பாக்கிச் சின்னம்

அத்தா மறைந்து ஆண்டுகள் பலவாகியும் அவர்களுடைய சைக்கிள் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுத் திண்ணையோரம் சாய்ந்தே நின்றது. சென்ற ஆண்டு வீட்டைச் செப்பனிட்டபோது பழைய இரும்பு எடுப்பவர் அதைத் தூக்கிப் பார்த்து எடைக்கு ஒரு விலை சொன்னார். பேரம் படிந்து முன்பணமும் வாங்கிவிட்டேன். கொடுக்குமுன் ஒருமுறை துடைப்போமே என்று துணியை எடுத்தபோதுதான், தூசியினடியில் அந்த முகப்புத் தகடு தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்.

"அத்தா, சைக்கிளுக்குத் துப்பாக்கி எதற்கு?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "வெள்ளைக்காரன் வண்டியப்பா, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். மேலே கேட்க அவகாசம் இராது. இராஜபாளையத்து நூற்பாலையில் சங்கு ஊதுமுன் ஏறத்தாழ ஏழு மைல் மிதித்தாக வேண்டும். போகும்போது வலக்கைப் பக்கம் மலைத்தொடர் கூடவே வரும். ஆடிக்காற்றில் சில நாட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டே போனதாக அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், அத்தா சொன்னதில்லை.

அக்கேள்விக்கான விடையைப் பிற்காலத்தில் நூல்களில் கண்டேன். பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாமின் துப்பாக்கித் தொழிலாளர் ஒன்றுகூடி 1861-இல் அமைத்த நிறுவனம். போர் நடந்தால் வேலை உண்டு. அமைதி நிலவினால் பட்டறை உறங்கும். அப்படி வேலை வற்றிய காலத்தில், 1880-இல், சைக்கிள் பக்கம் திரும்பினார்கள். தொழில் மாறிற்று, சின்னம் மாறவில்லை. இத்தொழிலின் முன்னோர் பலரும் வேறு பட்டறையிலிருந்து வந்தவர்களே. கோவென்ட்ரி நகரில் தையல் இயந்திரம் செய்த நிறுவனமொன்று 1869 வாக்கில் சைக்கிளும் செய்தது. அங்கே பணிபுரிந்த ஜேம்ஸ் ஸ்டார்லியின் உடன்பிறந்தார் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லிதான், 1885-இல் 'ரோவர்' என்னும் வண்டியை வெளியிட்டார். ஆளுயரச் சக்கரத்தின்மேல் ஏறி அமரும் ஆபத்து அதனோடு குறையலாயிற்று. ஏறக்குறைய ஒத்த இரு சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலி: அத்தாவின் வண்டியும் அதே அமைப்புத்தான். மூன்றாண்டுகள் கழித்து, மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காதிருக்க வழி தேடிய டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார்.

நம் மாநிலத்தில் முருகப்பா குழுமத்தார் ஆங்கில நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினர். அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது, பின்னர் பி.எஸ்.ஏ. என்ற பெயரிலும் வண்டிகள் அங்கேயே உருவாயின.

நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் அத்தாவுக்குப் புதிய ஹீரோ சைக்கிள் வாங்கித் தர விரும்பினேன். "ஹீரோவா? சினிமாக்காரன் பெயரிலுள்ள வண்டியில் நானா போவது?" என்று மறுத்துவிட்டார்கள். எனக்கு அது மனத்தாங்கலாகவே இருந்தது.

அப்பெயரின் கதையை அண்மையில்தான் அறிந்தேன். இன்று பாகிஸ்தானிலுள்ள கமாலியாவிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள், முதலில் சைக்கிள் உதிரிப்பாகம் விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களுடைய நண்பர் கரீம் தீன், 'ஹீரோ' என்னும் பெயரில் சைக்கிள் இருக்கைகள் செய்துவந்தார். பிரிவினையின்போது அவர் பாகிஸ்தான் செல்ல நேர்ந்தது. அப்பெயரைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று ஓம் பிரகாஷ் முஞ்சால் கேட்க, கரீம் தீன் இசைந்தார் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு. கலவரத் தீ எரிந்துகொண்டிருந்த பஞ்சாபில் இப்படியும் ஒரு கொடுக்கல் வாங்கல்! 1956-இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள் தோன்றியது. 1986-இல் உலகிலேயே மிகுதியாகச் சைக்கிள் செய்யும் நிறுவனமென்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. போனவருக்கு அங்கே என்ன தொழில் வாய்த்ததோ!

இதைச் சொல்லியிருந்தால் அத்தா புது வண்டிக்கு இசைந்திருப்பார்களா? இசைந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கரீம் தீன் போய்ச் சேர்ந்தாரா என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

இரும்பு எடுப்பவரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "தகட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்களேன், பாய்" என்றார் அவர். கழற்ற மனம் வரவில்லை. மறுநாள் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பின்சக்கர டயர் வர இரண்டு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர்.