மருந்து நமுக்காமல் காப்பவர்கள்

கோடையில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கடலோரப் பகுதி நம் சென்னையைப் போலவே புழுங்கித் தள்ளும். அந்தப் புழுக்கத்தில்தான் வில்லியம்ஸ்பர்க் துப்பாக்கிப் பட்டறைக்குப் போனேன். 18ஆம் நூற்றாண்டுத் தொழில்களை அந்தக் காலக் கருவிகளாலேயே செய்துகாட்டும் ஊர் அது. 1775 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு இங்கிருந்த கிடங்கின் கருமருந்தை இரவோடு இரவாக எடுத்துப்போகச் செய்ததில் ஊரே கொதித்தெழுந்தது. அத்தனை அருமையான மருந்தை இந்த ஈரக்காற்றில் எப்படிக் காத்தார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

பட்டறையின் மூத்த கைவினைஞர் ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். விசையை அழுத்தினால் கல் எஃகுத் தகட்டில் உரசும். தகடு விலகி, பொறி கிண்ணியிலுள்ள சிட்டிகை மருந்தில் விழும். அந்தத் தீ சிறு துளை வழியாகக் குழலுக்குள் போகும். கிண்ணி மருந்து நமுத்துவிட்டால் குண்டு கிளம்பாது.

கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. சுத்தமான வெடியுப்பு லேசில் ஈரம் இழுக்காது. அதில் கலந்துவிடும் வேறு உப்புகள்தான் இழுக்கும். அன்று பிரிட்டனுக்கு வெடியுப்பு பெருமளவில் பீகாரிலிருந்து போனது. உப்பு மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்தவர்கள் நோனியா சமூகத்துத் தொழிலாளர்கள். மருந்தின் தரம் அவர்கள் கையில் தொடங்கியது.

காலையில் சுட்டுக்காட்டிய துப்பாக்கியின் கிண்ணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் பெரியவர். விரலில் கறுப்புக் குழம்பு ஒட்டியது. மருந்து எரிந்து மிஞ்சும் கசடில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகி, அடுத்துப் போடும் மருந்தையும் நனைத்துவிடும். “மழையைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்” என்றார். அதனால் ஒவ்வொரு தடவை சுட்டதும் கல், தகடு, கிண்ணி மூன்றையும் துடைத்து, துளையைக் கம்பியால் குத்திவிட வேண்டும். துருவுக்குப் பூசிய எண்ணெயையும் மருந்து போடுமுன் ஒட்டத் துடைக்க வேண்டும். எண்ணெய் பட்டாலும் மருந்து கெடும்.

பக்கத்தில் தொழில் பழகும் பெண் ஒருவர் கிண்ணியின் விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இழுப்பு இழுப்பார். தகட்டை மூடி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அரம். வெளிச்சம் நுழையும் வழியில் ஈரமும் நுழையுமல்லவா! மழை நாளில் விளிம்பைச் சுற்றி மெழுகு பூசுவார்கள். விசைப்பகுதியை எண்ணெய் ஊறிய தோலால் மூடுவார்கள். மருந்து இருப்பது மாட்டுக்கொம்புக் குப்பியில்.

நம் அருங்காட்சியகங்களிலும் பழைய துப்பாக்கிகள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. அவற்றின் கிண்ணியையும் தகட்டையும் காட்டி விளக்கத் தெரிந்த கைவினைஞர் ஒருவரையாவது பக்கத்தில் நிறுத்துங்கள். பொருளைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அதைச் செய்யத் தெரிந்த கையையும் காப்பாற்ற வேண்டும்.