ஈரம் காயும் வரை

தில்லியில் நீர்வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு முதல் வாத்தியார் இந்த ஊர்ப் பருவம்தான். மே மாதத்து லூ என்னும் அனல்காற்று வீசும்போது தாளில் ஒரு வாஷ் இழுத்து முடிப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஜூலையிலோ காலையில் போட்ட நிறம் மத்தியானம்வரை ஈரமாகவே கிடக்கும். என் பேத்தி இரண்டோடும் பழகிவிட்டாள். கோடையில் கூலர் ஓடும் அறையில் உட்காருவாள். மழைக்காலத்தில் பல தாள்களைப் பலகையில் ஒட்டிவைத்து, ஒன்று காய்வதற்குள் அடுத்ததற்குப் போவாள்.

அவள் வரைவது வீடியோ கேம் உலகம்: டிராகன், மிதக்கும் கோட்டை, வாளேந்திய பெண்கள். அவற்றைப் பிரிண்ட் போட்டு காமிக் கானில் விற்கிறாள். 2011-ல் தில்லி ஹாட்டில் தொடங்கிய விழா அது.

என் வயதுக்காரர்கள் இதை வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. அக்பர் ஹம்ஸா நாமா என்ற வீரக்கதை நூலுக்காகத் துணியில் சுமார் 1,400 படங்கள் எழுதச் சொன்னார். ஏறத்தாழ 15 ஆண்டு வேலை. அதில் இல்லாத அரக்கனா, டிராகனா? 2020-ல் புனேக்காரர்கள் கொண்டுவந்த 'ராஜி' கேமில் பஹாரி ஓவியத்தின் சாயல் உண்டு. அச்சடித்து விற்பதும் புதிதல்ல. 1894-ல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் போட்டதால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தார்கள்.

அவளிடம் நான் வற்புறுத்தியது ஒன்றே: கேம் கம்பெனியின் பாத்திரத்தை அப்படியே வரைந்து விற்காதே. காப்புரிமைச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பிறர் முகத்தையே வரைந்துகொண்டிருந்தால் உன் கை எப்போது உன்னுடையதாகும்? உடனே கேட்டுக்கொள்ளவில்லை. மதுரைக் கோயில் தூணில் பார்த்த யாளி மெல்ல மெல்லத்தான் அவள் தாளுக்கு வந்தது. துக்ளகாபாத் கோட்டையின் சரிந்த மதில்மேல், கீக்கர் முட்புதர்களுக்கு மேலே துதிக்கையைத் தூக்கி நிற்கிறது.

ஸ்கேன் செய்ததும் அந்தி வானத்தின் மெல்லிய ஊதா வெளுத்துப்போயிற்று. வெளிர்நிறங்களை ஸ்கேனர் அப்படித்தான் விழுங்கும். பிரிண்ட் போடுகிறவர், "முழுத் தாள் வீணாக்க வேண்டாம் மகளே" என்று நிறத்தைத் திருத்தித் திருத்தி நாலு விரல் அகலத்துக்கு மட்டும் அடித்து அடித்துக் காட்டினார். ஒவ்வொரு துண்டையும் அவள் ஜன்னலோரம் கொண்டுபோய் மூலப்படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். டியூப்லைட்டை நம்பி நிறத்தைத் தீர்மானிக்க முடியாது. ஊதா திரும்பி வந்ததும் கடைசித் தாளுக்கு மட்டும் காசு வாங்கினார். அந்தப் பொறுமைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

ஸ்டாலில் டிராகன்கள் மளமளவென்று போயின. யாளியைப் பார்த்த ஒரு பையன், இது எந்த கேம் என்று கேட்டான். கேம் இல்லை, எங்கள் ஊர்க் கோயில் தூணில் இருப்பது என்றாள். வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்று வாங்கிக்கொண்டான். அன்று போன யாளி அது ஒன்றுதான்.

டிராகனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. நல்ல பருத்தித் தாள் விலை ஜாஸ்தி. டிராகன் விற்ற காசில்தான் அதை வாங்குகிறாள். யாளிக்கு அந்தத் தாள் வேண்டும்.