தலைக்கனம்

எங்கள் கல்லூரியின் மண் ஆடுகளத்தில் காலை ஐந்தரை மணிக்குக் கூடுபவர்கள் நால்வர். அவர்களுள் மூவர் சார்பில் எழுதப்படும் குறிப்பு இது. எழுதுவது தமிழ்த்துறை; விளக்கம் சொன்னது இயற்பியல்; செலவுக் கணக்கு வைத்தது வணிகவியல்; செய்த பிழை மூவருக்கும் பொது. நான்காமவர் வேதியியல் பேராசிரியர். எங்களைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர். எங்கள் மூவருக்கும் டென்னிஸ் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

முதலில் ஒரு சொல். செய்தித்தாள்கள் 'ராக்கெட்' என்று எழுதுகின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஸ்ரீஹரிகோட்டாதான் நினைவுக்கு வருகிறது. தென்னை மட்டையைச் செதுக்கிக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இங்கே மட்டை என்றே எழுதுகிறோம்.

2022-இல் அவர் துறைத்தலைவர் ஆனபோது நாங்கள் மூவரும் பணம் சேர்த்து அவருக்கு ஒரு புதிய மட்டை வாங்கிக் கொடுத்தோம். வாங்கும்போது நாங்கள் செய்த ஆராய்ச்சி, எங்கள் மாணவர் யாரேனும் ஆய்வேட்டில் செய்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். வயதாகிறது, எனவே எடை குறைவாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தோம். கைக்கு வலு குறைகிறது, எனவே மட்டையே பந்தை விரட்டவேண்டும் என்றும் முடிவு செய்தோம். தொலைக்காட்சியில் இளைஞர்கள் பாலியெஸ்டர் நரம்பு பூட்டி ஆடுவதைக் கண்டிருந்ததால் அதையே 58 பவுண்டு இறுக்கத்தில் பூட்டச் சொன்னோம். 265 கிராம் எடை, விறைப்பான சட்டகம், பளபளக்கும் வண்ணம். கைப்பிடியில் இரண்டாம் எண் அளவுதான் கடையில் இருந்தது. அதனால் என்ன என்று வாங்கிவிட்டோம். அன்பு இருந்தது, அவர் எப்படி ஆடுகிறார் என்று ஒரு நாளேனும் நின்று பார்த்த நினைவு எங்களுக்கு இல்லை.

2024 மழைக்காலத்தில் உணவகத்தில் அவர் காப்பி டம்ளரை இடக்கையால் எடுக்கத் தொடங்கினார். மூவரும் பார்த்தோம், மூவரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு ஒரு நாள் வலையருகே எளிய வாலி ஒன்றை அடிக்கப் போனவரின் கையிலிருந்து மட்டை நழுவி விழுந்தது. எலும்பு மருத்துவர் முழங்கையின் வெளிப்புறத்தை விரலால் அழுத்தியதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் ஏற்படும் தேய்வு. ஆடாதவர்களுக்கும் வருவதுதான் எனினும் உலகம் அதற்கு டென்னிஸ் எல்போ என்றே பெயர் வைத்திருக்கிறது. ஆறு வாரம் ஓய்வு, கைப்பயிற்சி, அதன்பின் பார்க்கலாம் என்றார்.

எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று வெளியே வந்ததும் கேட்டோம். ஒன்றரை ஆண்டு என்றார். பழைய மட்டைக்கு மாறியிருக்கலாமே என்றோம். "நீங்கல்லாம் சேந்து ஆசையா வாங்கிக் குடுத்தது தம்பி, அத எப்படி ஓரமா வைக்கிறது?" என்றார். திரும்பி வரும் பேருந்தில் நாங்கள் மூவரும் பேசிக்கொள்ளவில்லை.

மரமட்டையில் ஆட்டம் பயின்ற கை அவருடையது. அந்த மட்டைகளின் முகம் ஏறத்தாழ 65 சதுர அங்குலம். எடையோ இன்றைய மட்டைகளைவிட மிக அதிகம். 1976-இல் ஹோவர்ட் ஹெட் 110 சதுர அங்குல முகம் கொண்ட பிரின்ஸ் மட்டையைக் கொண்டுவந்தபின் ஆட்டத்தின் இலக்கணமே மாறியது. அவர் பழைய இலக்கணக்காரர். கையை நெடுக வீசமாட்டார். எதிராளி அனுப்பிய வேகத்தையே கடன் வாங்கித் திருப்பித் தருவார். ஒற்றைக் கை பேக்ஹேண்டில் பந்தின் அடிப்பாகத்தைச் சீவி அனுப்பும் ஸ்லைஸ், தலைக்கு மேல் எழும்பிப் பின்கோட்டருகே இறங்கும் லாப், வலையைத் தாண்டியதும் செத்து விழும் சிறு தட்டு. 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற ராமநாதன் கிருஷ்ணனும், 1989-இல் ஆஸ்திரேலியாவில் அன்றைய முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வீழ்த்திய அவர் மகன் ரமேஷும் ஆடிய வழி அது. ரமேஷின் சர்வீஸைப் பார்த்தால் யாரும் பயப்படமாட்டார்கள். அதன்பின் வருவதற்குத்தான் பயப்படவேண்டும்.

இத்தகைய கைக்கு நாங்கள் கொடுத்தது அதற்கு நேர் எதிரான கருவி. இயற்பியல் நண்பர் கரும்பலகையில் வரைந்தே காட்டினார். எடை குறைந்த மட்டை கைக்கு இதம் என்பது மயக்கம். பந்து மோதும் கணத்தில் எடையுள்ள மட்டை அசையாமல் நின்று அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். எடையற்றது அதைக் கைக்குக் கடத்திவிடும். விறைப்பான சட்டகம் வளையாது. வளையாததனால் பந்துக்கு விசை கூடும்; அதிர்வும் கூடும். நீண்ட வீச்சுடன் கீழிருந்து மேலாக வழித்து அடித்து டாப்ஸ்பின் எழுப்பும் இளைஞனுக்கு பாலியெஸ்டர் நரம்பு வரம். 1997-இல் குஸ்தாவோ குயர்டன் பாரிஸில் வென்றபின்தான் அது உலகெங்கும் பரவியது. பந்தைச் சீவி அனுப்பும் குறுவீச்சுக்காரருக்கு அதனால் ஆதாயம் ஏதுமில்லை; முழங்கைக்கு அடி மட்டும் மிச்சம். கைப்பிடி சிறுத்திருந்தால் மட்டை சுழலாமலிருக்க இறுக்கிப் பிடிக்கவேண்டியிருக்கும். அந்த இறுக்கமும் அதே தசைநாரில்தான் போய் முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைக்கனம். மட்டையின் நீளம் 27 அங்குலம். நட்ட நடுவில் ஒரு விரலை வைத்துத் தாங்கினால் முகப்பக்கம் சாய்வது தலைக்கனம் உடையது. பிடிப்பக்கம் சாய்வது அஃது இல்லாதது. எடை குறைந்த மட்டைகளுக்கு விசை சேர்ப்பதற்காகப் பெரும்பாலும் தலையில்தான் கனத்தை வைக்கிறார்கள். வலையருகே மணிக்கட்டைச் சட்டெனத் திருப்பி ஆடுபவருக்கு அது பகை. நாங்கள் வாங்கிக் கொடுத்ததைத் தாங்கிப் பார்த்தோம். குப்புற விழுந்தது.

நரம்பு என்ற சொல்லையும் கொஞ்சம் சொல்லவேண்டும். கடைகளில் இன்றும் 'கட்' என்றே கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் அது குடல். முன்பு ஆட்டின் குடலிலிருந்தும், பின்னர் மாட்டின் குடலிலிருந்தும் திரித்தார்கள். அதைவிட இதமான நரம்பு இன்னும் செய்யப்படவில்லை என்கிறார்கள், விலையும் அதற்கேற்றபடி. யாழுக்கும் நரம்பு என்றுதான் பெயர். எந்தப் பண்ணுக்கு எவ்வளவு முறுக்கு என்பது பாணனுக்குத் தெரியும். நாங்களோ யாருக்கு என்று கேளாமலே 58 என்று சொல்லியிருந்தோம்.

ஓய்வுக் காலம் முடியும்போது, பரணில் கிடக்கும் மரமட்டையையே எடுத்துக்கொள்ளலாமே என்று வணிகவியல் நண்பர் சொன்னார். பேராசிரியர் சிரித்தார். 1991-இல் பியான் போர்க் எட்டாண்டு இடைவெளிக்குப்பின் மான்டி கார்லோவுக்கு மரமட்டையோடு திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே தோற்ற கதையைச் சொன்னார். ஃபெடரரின் கதையையும் அவரே சொன்னார். 90 சதுர அங்குல முகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நெடுங்காலம் இருந்தவர், 2014-இல்தான் 97-க்கு மாறினார். 2017-இல், முப்பத்தைந்து வயதில், மெல்போர்ன் இறுதியாட்டத்தில் நடாலை ஐந்து செட்களில் வென்றபோது எல்லாரும் பேசியது அவருடைய பேக்ஹேண்டைப் பற்றி. "அவருக்கே அவ்வளவு நாளாச்சு" என்றார், எங்களைத் தேற்றுவதுபோல.

திருச்சியில் ஒரு பயிற்சியாளர் தம்மிடமிருந்த நான்கு மட்டைகளை அரைமணி நேரம் ஆடிப்பார்க்கக் கொடுத்தார். மட்டையை வாங்குமுன் ஆடிப்பார்க்கலாம் என்பதே எங்களுக்குச் செய்தி. கைப்பிடியைப் பற்றியபின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே மற்றக் கையின் சுட்டுவிரல் நுழையவேண்டும். அவருக்கு மூன்றாம் எண் பொருந்தியது. முதல் மட்டையில் பந்து வேலிக்குப் பறந்தது. இரண்டாவது கனமானது, கால்மணி நேரத்தில் தோள் தாழ்ந்தது. மூன்றாவதில் ஏழெட்டு பேக்ஹேண்ட் அடித்துவிட்டு நின்றார். வலிக்கிறதா என்று கேட்டு ஓடினோம். "இல்ல, சத்தத்தக் கேளுங்க" என்றார். நான்காவதை அவர் தொடவேயில்லை.

98 சதுர அங்குலம், நரம்பில்லாமல் 305 கிராம், வளைந்துகொடுக்கும் சட்டகம், கனம் பிடிப்பக்கம், பல இழை முறுக்கிய மெத்தென்ற நரம்பு 50 பவுண்டில். பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்கள் கை வேறு. இம்முறை விலையில் பாதியைத் தாமே தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். தந்தார்.

முழங்கை முற்றிலும் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மருத்துவர் சொன்ன பயிற்சிக்கும் ஓய்வுக்கும் எவ்வளவு பங்கு, மட்டைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறார். ஈரப்பந்து என்றால் நிறுத்திவிடுகிறார். 2025 மே மாதம் பணி ஓய்வு பெற்றார். காலை ஐந்தரைக்கு மட்டும் வருகிறார்.

பழைய மட்டையை என்ன செய்வது என்று நாங்கள் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தபோதே அவர் அதை இளங்கலை முதலாண்டு மாணவி ஒருத்திக்குக் கொடுத்திருந்தார், நரம்பை மாற்றி. சிறிய கை, இரட்டைக் கை பேக்ஹேண்ட், தோள்வரை நீளும் வீச்சு. அவள் அடிக்கும் பந்து எங்களுள் இருவருக்குக் கண்ணில் படுவதேயில்லை. மூன்றாமவருக்குப் படுகிறது, எட்டவில்லை.

இப்போது புதிய மட்டைக்கு நரம்பு மாற்றும் நேரம் வந்துவிட்டது. 48-க்கு இறக்கினால் முழங்கைக்கு இன்னும் நல்லது என்கிறார் இயற்பியல். லாப் கோட்டைத் தாண்டிப் போய்விடும், 50-தான் வேண்டும் என்கிறார் பேராசிரியர். நேற்றுக் காலை வெகுநேரம் பேசியும் முடியவில்லை, நாளையும் பேசுவோம்.